முகத்தைப் பார்த்து அடி, மக்கா!

தோவாளைக்காரன் ஒருவன் 'கோல்ஃப் பழகுகிறேன்' என்று சொன்னால் ஊரில் மூன்று விதமான பதில் வரும். முதல் விதம்: "அது என்ன கோர்ஸுலே? எத்தன மாசம்? படிச்சா வேலை கிட்டுமா?" இரண்டாவது விதம், நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "லாட்டரி எதும் அடிச்சிட்டோ?" மூன்றாவது விதம் ஒன்றும் பேசாது. நேரே நம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரு காப்பியும் குடித்துவிட்டுப் போகும்.

ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில், ஆரல்வாய்மொழிக்கு முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். விடிவதற்குள் பிச்சியும் மல்லிகையும் அரளியும் கேந்தியும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்து, வெயில் ஏறுவதற்குள் கேரளா வண்டிகளில் ஏறிவிடும். ஓணம் வந்தால் பூ விலை எங்களுக்கே எட்டாது. 2025-இல் எங்கள் மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இது போக, ஆரல் கணவாய்க் காற்று. பக்கத்து முப்பந்தலில் காற்றாலை நட்டு அதில் கரண்ட் எடுக்கிறார்கள். பூவும் காற்றும் நெல்லும் இருக்கிற ஊரில் கோல்ஃபுக்கு என்ன வேலை? நமக்கு அருகில் மைதானம் என்றால் திருவனந்தபுரம் கவடியாரில் ஒன்பது குழி மைதானம் ஒன்று. அதை விட்டால் கொடைக்கானல், ஊட்டி என்று மலையேற வேண்டும்.

நான் பழக நேர்ந்த கதை இப்படி.

நான் பி.காம். வயது முப்பத்தைந்தை நெருங்குகிறது. தொழில், ஃப்ரீலான்ஸ் எழுத்து. அதாவது காலையில் எந்த ஆபீசுக்கும் போக வேண்டாம். மாதம் முதல் தேதி எந்த ஆபீசிலிருந்தும் எதுவும் வராது. பத்திரிகைக்குக் கட்டுரை, ஜவுளிக்கடைக்கு விளம்பர வாசகம், பள்ளி ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை என்று வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் கேரளத்திலிருந்து ஒரு கம்பெனி மேனேஜர் போன் செய்தார். கம்பெனிக்கு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. தமிழ்த் தொழிலாளர்கள் அதிகம் என்பதால் தமிழிலும் ஒரு மலர் போட வேண்டும். ஆறு மாத வேலை. அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னுடைய ஒரு வருஷ வரவு அது.

"எம்.டி.யை நேர்ல பாத்துப் பேசிடுங்க. இப்ப ஃபாரின்ல இருக்கார். மூணு வாரம் கழிச்சு சண்டே காலையில கோல்ஃப் ரேஞ்சுக்கு வருவார். அங்கதான் ரிலாக்ஸ்டா பேசுவார். நீங்க கோல்ஃப் ஆடுவீங்கல்ல?"

"பழகிட்டிருக்கேன் சார்" என்றேன்.

பொய்யில்லை. அந்த விநாடியிலிருந்து பழக ஆரம்பித்தேன்.

எனக்கு ஒரு வசதி இருந்தது. அத்தான். அக்கா வீட்டுக்காரர். துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் இருபத்திரண்டு வருஷம் புல் வெட்டிவிட்டு, முழங்கால் தேய்ந்து, போன வருஷம் ஊரோடு வந்துவிட்டார். வளைகுடாவில் முழுக்கப் புல் போட்ட முதல் மைதானம் 1988-இல்தான் துபாயில் வந்தது. அதற்கு முன்னால் அங்கே வெள்ளைக்காரர்கள் மணலில் எண்ணெய் விட்டு இறுக்கி, 'கிரீன்' என்பதற்குப் பதில் 'பிரவுன்' என்று பேர் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்களாம். பாலைவனத்தில் புல் முளைக்க வைப்பது லேசான காரியமா? அந்தப் புல்லை ஆள் வைத்துத்தான் வளர்க்க வேண்டும். அந்த ஆட்களில் ஒருவர் எங்கள் அத்தான்.

அத்தான் கொண்டுவந்த சாமான்களில் ஒரு கோல்ஃப் மட்டை இருந்தது. ஏழாம் நம்பர் இரும்பு. எந்த மெம்பரோ வேண்டாம் என்று போட்டுவிட்டதை ஃபோர்மேன் இவருக்குக் கொடுத்திருக்கிறார். கூடவே, குளத்தில் தூர் எடுத்தபோது கிடைத்த பழைய பந்து பதினொன்று. மட்டை அதுவரை அக்காவுக்கு முருங்கைக்காய் பறிக்கவும், தெருநாய் விரட்டவும், ஒருமுறை சாரைப்பாம்பை வழி அனுப்பவும் பயன்பட்டு வந்தது.

"அத்தான், உங்களுக்குக் கோல்ஃப் தெரியுமா?"

"தெரியும்."

"ஆடியிருக்கியளா?"

"இல்ல."

அவ்வளவுதான் பதில். அதற்கு மேல் கேட்டால் அத்தான் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவிடுவார்.

கும்பப்பூ அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. காலை ஆறு மணிக்கு வகுப்பு. முதல் நாள் அத்தான் பந்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மட்டையைப் பிடிப்பது எப்படி என்பதற்கே இரண்டு நாள்.

"மக்கா, அடிக்கியது ரெண்டாவது. பிடிக்கியதாக்கும் மொதல்ல."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வலது கைக்காரர்களுக்கான கணக்கு இது. இடது கையில் மட்டையின் பிடி உள்ளங்கைக்குள் புதையக்கூடாது. விரல்களின் அடியில், சுட்டுவிரலிலிருந்து சுண்டுவிரல் பக்கம் சற்றுச் சரிவாகக் கிடக்க வேண்டும். பிடித்தபின் குனிந்து பார்த்தால் இடது புறங்கையில் இரண்டு முட்டி தெரிய வேண்டும். இரண்டரை தெரிந்தாலும் பாதகமில்லை. ஒன்றே ஒன்றுதான் தெரிகிறது என்றால் அடிக்கிற நேரத்தில் மட்டையின் முகம் திறந்துகொள்ளும். பந்து வலது பக்கம் ஓடும். நாலும் தெரிந்தால் முகம் மூடிக்கொள்ளும். பந்து இடது பக்கம் ஓடும். வலது கை அதற்குக் கீழே. வலது சுண்டுவிரல் இடது கை விரல்களின் மேலே ஏறி உட்கார வேண்டும். இந்தப் பிடிக்கு வார்டன் பிடி என்று பெயர். பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை 1896-லிருந்து 1914-க்குள் ஆறு தடவை வென்ற ஹாரி வார்டன் பிரபலப்படுத்தியது. ஆனால் அத்தானுக்கு அது 'விரல் ஏத்திப் பிடி'. பெயரா முக்கியம்?

எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது? இதற்குப் பதில் சொன்னது அக்கா. திண்ணையில் பிச்சி கட்டிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நாரை இறுக்கினா காம்பு முறியும். விட்டா பூ உதுரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இழுப்பு இருக்கு. கைக்குத் தெரியும்லே." அத்தான் என்னைப் பார்த்தார். "கேட்டியா? அதான்."

மூன்றாம் நாள் பந்து வைத்தார்.

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குத் தெரியும்: பற்று இடப்பக்கம், வரவு வலப்பக்கம். என் பந்து அத்தனையும் வரவுப் பக்கமே போயிற்று. நேரே கிளம்புவதுபோல் பாவனை காட்டிவிட்டு, வலது பக்கம் வளைந்து, பக்கத்துப் பிச்சித் தோட்டத்தில் போய் விழும். பதினொரு பந்தையும் அடித்துவிட்டுத் தோட்டக்காரரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். உலகத்தில் புதிதாகக் கோல்ஃப் பழகுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் வியாதி. பெயர் 'ஸ்லைஸ்'. பணக்காரர், ஏழை என்று பார்க்காமல் எல்லோரையும் பிடிப்பது.

ஏன் வளைகிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்; பரீட்சை வைக்க மாட்டேன்.

மட்டை பந்தைத் தொடுகிற நேரம் சுமார் அரை மில்லி செகண்ட். ஒரு செகண்டை இரண்டாயிரம் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு. அந்த ஒரு துண்டு நேரத்தில் பந்துக்கு இரண்டு விஷயம்தான் தெரியும். ஒன்று, மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது. இரண்டு, மட்டை எந்தப் பாதையில் வருகிறது. ரொம்பக் காலம் கோல்ஃப் வாத்தியார்கள், பந்து பாதையின் வழியே கிளம்பி, பிறகு முகம் பார்க்கிற பக்கம் வளையும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பல புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது. விஞ்ஞானிகள் 1960-களிலேயே மெதுவாக இருமிப் பார்த்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு 2003-இல் டென்மார்க்கில் டிராக்மேன் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். ரேடார் வைத்துப் பந்தையும் மட்டையையும் அளந்தார்கள். கதை தலைகீழ். பந்து கிளம்புகிற திசையை முக்கால்வாசிக்கு மேல் முடிவு செய்வது முகம்தான். நீள மட்டையான டிரைவரில் சுமார் 85 சதவீதம், இரும்பு மட்டைகளில் சுமார் 75 சதவீதம். பாதைக்குக் கிடைப்பது மிச்சம்தான். முகத்துக்கும் பாதைக்கும் இடையே வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு பந்து வளையும். பாதையை விட முகம் வலது பக்கம் பார்த்தால் வலது வளைவு. இடது பக்கம் பார்த்தால் இடது வளைவு.

கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது புரியும். எவ்வளவு வேகமாக வீசினாலும், பேட்டின் முகம் தேர்ட் மேனைப் பார்த்தால் பந்து கவருக்கா போகும்?

சரி, முகம் கொஞ்சம் திரும்பினால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பந்து ஒரு டிகிரி விலகிக் கிளம்பினால், 200 மீட்டர் தாண்டும்போது மூன்றரை மீட்டர் விலகியிருக்கும். ஐந்து டிகிரி என்றால் பதினேழு மீட்டருக்கு மேல். இது நேர்கோட்டுக் கணக்கு; காற்றில் வளைவது தனி. கடன் வாங்கியவர்களுக்குத் தெரியும், வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் கூடும்போது கையெழுத்துப் போடுகிற மேஜையில் ஒன்றும் தெரியாது. பதினைந்தாவது வருஷம் தெரியும். அதே கணக்குதான்.

இதைவிட முக்கியம் இன்னொன்று. அரை மில்லி செகண்டில் யாரும் கையைத் திருப்பித் திருத்த முடியாது. கண் பார்த்து, மூளை சொல்லி, கை கேட்பதற்குள் பந்து பிச்சித் தோட்டத்தில் இருக்கும். ஆகவே, முகம் எங்கே பார்க்க வேண்டும் என்பதை வீசுவதற்கு முன்னாலேயே முடிவு செய்தாக வேண்டும். அதாவது பிடியில். அத்தான் ஏன் இரண்டு நாள் பந்தைக் காட்டவில்லை என்று எனக்கு அப்போது விளங்கிற்று. அமெரிக்காவின் பென் ஹோகன் 1949-இல் கார் மீது பஸ் மோதி எலும்பெல்லாம் நொறுங்கிப் படுத்தவர். அடுத்த வருஷமே அமெரிக்க ஓப்பனை வென்றார். அவர் 1957-இல் கோல்ஃப் பாடம் என்று ஒரு புத்தகம் எழுதினார். ஐந்து பாடம். முதல் பாடம் எதைப் பற்றி? பிடியைப் பற்றி. ஹோகனும் எங்கள் அத்தானும் ஒரே சிலபஸ்.

அத்தான் இதைச் சொல்ல ரேடார் தேவைப்படவில்லை. வரப்பில் கிடந்த மம்பட்டியை எடுத்தார். "நீ இதை வச்சு மடை வெட்டியிருக்கல்லா? வாய் நேரா இருந்தா மண்ணு எங்க விழும்?" என்று ஒரு வெட்டு வெட்டினார். மண் காலுக்கு முன்னால் விழுந்தது. பிடியைக் கையில் கொஞ்சம் உருட்டிவிட்டு, அதே வேகத்தில் இன்னொரு வெட்டு. மண் பக்கவாட்டில் தெறித்தது. "பலம் ஒண்ணுதான். வாய் பாக்கிய எடந்தான் வேற. மொகத்தப் பாத்து அடி மக்கா."

அதற்கப்புறம் பயிற்சி. ஆபீஸ் நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் மூன்றை மட்டும் சொல்கிறேன். செலவு அதிகமில்லை.

ஒன்று, ஸ்கேல். பள்ளிக்கூடத்து மர ஸ்கேலை இடது புறங்கையில் வாட்ச் பட்டைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். பாதி ஸ்கேல் கை மேல், பாதி முழங்கை பக்கம். மட்டையைப் பின்னால் தூக்கும்போது மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக மடிந்தால் ஸ்கேல் கையில் குத்தும். அப்படி மடிந்தால் முகம் திறக்கிறது என்று அர்த்தம். குத்தாமல் தூக்கப் பழகினால் முகம் அடங்கும். (ஆபீசில் லஞ்ச் நேரத்தில் குடையை வைத்துச் செய்து பார்க்கலாம். ஹெட் கிளார்க் வருகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

இரண்டு, பவுடர். மட்டையின் முகத்தில் பவுடரைத் தடவிவிட்டு அடித்தால் பந்து பட்ட இடம் அழிந்து காட்டும். நடுவில் பட்டதா, நுனியில் பட்டதா, குதிகாலில் பட்டதா என்று மட்டையே சாட்சி சொல்லும். அத்தான் எடுத்தது அக்காவின் பவுடர் டப்பா. "எனக்கு வாங்கித் தந்ததே வருஷத்துக்கு ஒண்ணு. அதையும் இரும்புக்குப் பூசுகாரு" என்று அக்கா சொன்னது தெருவுக்கே கேட்டது.

மூன்று, அரை வீச்சு. இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும். பின்னால் இடுப்பு உயரத்தில் நிறுத்தி மட்டையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அது வானத்தைப் பார்த்தால் திறந்த முகம். தரையைப் பார்த்தால் மூடிய முகம். நம் முதுகு சாய்ந்திருக்கிற அளவுக்கு அதுவும் லேசாகக் குனிந்திருந்தால் சரி. அங்கிருந்து கீழே வரும்போது முதலில் தோள் முந்தக்கூடாது. தோள் முந்தினால் மட்டை வெளியிலிருந்து உள்ளே அறுத்துக்கொண்டு வரும். ஸ்லைஸுக்கு அதுதான் கூட்டாளி. இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், கை பின்னால் வர வேண்டும். "பைய, பைய. பந்து எங்கயும் ஓடிப் போவாது. நீ அடிச்சாத்தான் போவும்."

இரண்டாவது வாரக் கடைசியில் பதினொன்றில் ஆறு நேரே போயிற்று. பிச்சித் தோட்டக்காரருக்கு ஏமாற்றம். பாதிப் பந்துதான் வருகிறது, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

நான் ஆறு பந்து நேரே போன சந்தோஷத்தில் இன்னும் தூரம் போகவில்லையே என்றேன். அத்தானுக்குத் தூரத்தில் அக்கறையே இல்லை. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். டோக்கியோ ஒலிம்பிக்ஸில், 2021 ஆகஸ்டில், பெங்களூரு அதிதி அசோக் நாலாவதாக வந்தார். ஒரே ஒரு அடியில் பதக்கம் போயிற்று. பந்தைத் தூரம் அடிப்பதில் அவர் அந்தப் போட்டியில் பின்வரிசை. முன்வரிசைக்குக் கொண்டுவந்தது, பந்தைச் சொன்ன இடத்தில் போட்டதும், குழிக்குள் தள்ளியதும்தான். குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். பலத்தைக் காட்ட அதில் இடமில்லை.

ஒரு நாள் சாயங்காலம், செல்போனில் என் வீச்சை ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தான் ஒரே தடவை பார்த்துவிட்டு, "வலது முட்டு முன்னால வருது" என்றார். நான் நாலு தடவை ஓட்டிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் கேட்டேன்.

"ஆடாமலே இவ்வளவு எப்படி அத்தான்?"

வெற்றிலையைத் திறக்கவில்லை. பேசினார். விடியுமுன் மெஷினோடு இறங்க வேண்டும். ஆட்கள் ஆட வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு, சத்தம் காட்டாமல் ஓரமாக நிற்க வேண்டும். அவர்கள் அடித்துவிட்டுப் போனபின் மறுபடி மெஷின். "ஒரு நாளைக்கு அம்பது பேரு அடிக்கியதைப் பாப்பேன். இருபத்திரெண்டு வருசம். நிக்கச் சொன்னதுனால நின்னேன். நின்னதுனால பாத்தேன்." மைதானத்தில் வேலைக்காரர்கள் மட்டையைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். ஒரு பந்துகூட அடித்ததில்லை. "பாக்காதேன்னு மட்டும் யாரும் சொல்லல" என்றார்.

நான் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஐம்பது என்றால், லீவு போக வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் வீச்சு. இருபத்திரண்டு வருஷத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல். எந்த யுனிவர்சிட்டியில் இப்படி ஒரு கோர்ஸ் உண்டு?

கோல்ஃபைப் பணக்காரர் ஆட்டம் என்கிறோம். ஆடுகிற இடம் அப்படித்தான். 1829-இல் கல்கத்தாவில் ஆரம்பித்த கிளப்புதான் பிரிட்டனுக்கு வெளியே உலகத்திலேயே பழையது. வெள்ளைக்காரர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்டது. ஆனால் அதன் புல்லைப் பராமரித்தவர் ஒருவருடைய மகன் அந்த மைதானத்திலேயே வளர்ந்து, பார்த்துப் பார்த்தே பழகினார். பெயர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. 2008-இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டம். 2016, 2017 இரண்டு வருஷமும் இந்தியன் ஓப்பன். டெல்லியில் பை தூக்கிய அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பன் வென்றார், 1993-இல் மறுபடியும். பெங்களூரில் பை தூக்கிய முனியப்பா 2009-இல் அதே பட்டத்தை வென்றார். மைதானத்துக்கு வேலி போடலாம், கேட் போடலாம், காவலுக்கு ஆள் வைக்கலாம். பார்க்கிற கண்ணுக்கு என்ன போடுவது?

மூன்றாம் ஞாயிறு வந்தது. எனக்குத் துணையாக அத்தானும் வந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. கேரளத்தில் ஒரு ரிசார்ட்டின் பயிற்சி மைதானம். ஒரு பக்கம் வரிசையாக நின்று அடிக்கிறார்கள். எம்.டி. நல்ல மனுஷர். "மலரைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அடித்தார். பந்து வரவுப் பக்கம் போயிற்று. இன்னொன்று. அதுவும் வரவு. பக்கத்தில் நின்ற மேனேஜர், "காத்து சார்" என்றார். ஆரல் காற்றில் பிறந்தவன் நான். அங்கே தென்னை ஓலைகூட அசையவில்லை.

பத்துப் பந்து போயிருக்கும். அத்தான் என் காதோரம், "ஒரு முட்டிதான் தெரியுது" என்றார். எம்.டி. காதில் விழுந்துவிட்டது. திரும்பினார்.

"என்ன சொல்றார்?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு வருஷ வருமானம் அந்த இரண்டு கைகளுக்கு நடுவே நிற்கிறது. அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனார். "சாரே, கோவிச்சுக்காதிய. இடது கையை இப்பிடிக் கொஞ்சம்..." என்று தொடாமலே, தன் கையை வைத்துக் காட்டினார். "ரெண்டு முட்டி தெரியட்டும். பிடியை லேசா விடுங்க."

எம்.டி. பிடித்துப் பார்த்தார். அசௌகரியமாக இருந்திருக்கும், புதுப்பிடி அப்படித்தான் இருக்கும். அடித்தார். முதல் பந்து இடது பக்கம் போயிற்று. மேனேஜர் முகம் மாறிற்று. இரண்டாவது நேரே. மூன்றாவதும் நேரே. எம்.டி. மட்டையை ஊன்றிக்கொண்டு அத்தானைப் பார்த்தார்.

"எங்க ஆடிட்டிருந்தீங்க?"

"ஆடல சாரே. துபாயில புல்லு வெட்டினேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எம்.டி. ஓர் இரும்பு மட்டையை உருவி நீட்டினார். அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாங்கினார். பிடிக்க மட்டும் அரை நிமிடம் எடுத்துக்கொண்டார். முழங்கால் அனுமதித்த அளவுக்குத்தான் வீச்சு; முக்கால்கூட இல்லை. பந்து ரொம்பத் தூரம் போகவில்லை. போன கோடு மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் இருந்தது.

எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தான் பார்க்கவில்லை. மட்டை பட்டுப் பெயர்ந்த புல்கட்டியைக் குனிந்து எடுத்து, பெயர்ந்த இடத்திலேயே பொருத்தி, காலால் மெதுவாக மிதித்து அமர்த்திக்கொண்டிருந்தார். பிறகு மட்டையைத் துடைத்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

மலர் வேலை எனக்குக் கிடைத்தது. என் கோல்ஃபுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் மூன்று வாரம் பழகிய வீச்சை எம்.டி. கடைசிவரை பார்க்கவேயில்லை. பேச்சு முழுக்க டீக்கடை பெஞ்சில் நடப்பதுபோல் நடந்தது. ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அடுத்த வாரம் மேனேஜர் போன் செய்தார். "உங்க அத்தானுக்கு ஒரு நல்ல நியூஸ். ரிசார்ட்ல புல் பராமரிப்புக்கு எக்ஸ்பீரியன்ஸ் உள்ள ஆள் கேக்கிறாங்க. எம்.டி.யே சொல்லியிருக்கார்." சம்பளமும் சொன்னார். மோசமில்லை. அக்காவுக்குச் சம்மதம். முழங்கால் வைத்தியத்துக்கு ஆகுமே என்றாள். நானும் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

அத்தான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அக்கா மாணிக்க மாலைக்கு அரளி இதழ் மடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இதழும் ஒரே கோணத்தில் மடிய வேண்டும். ஒன்று பிசகினாலும் மாலையில் தெரியும். அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"புல்லு வெட்ட மாட்டேன்னு சொல்லல மக்கா. அது நல்ல வேலைதான். இருபத்திரெண்டு வருசம் அதுலதான் உங்க அக்காளும் பிள்ளையளும் சாப்பிட்டாவ. ஆனா அவ்வோ ரெண்டு பந்து நேரா போனது புல்லாலயா? சொல்லிக் குடுக்கக் கூப்பிட்டா வாறேன்னு சொல்லு. கால் வலிச்சாலும் வாறேன்."

அப்படியே சொன்னேன். மேனேஜர் "ஓ" என்றார். பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். இதை எழுதுகிற வரை சொல்லவில்லை.

இப்போது காலையில் அந்தக் காய்ந்த வயலில் பையன்கள் நாலு பேர் வருகிறார்கள். ஒரே மட்டை, ஒன்பது பந்து. (இரண்டு பிச்சித் தோட்டத்தில் முளைக்கப் போட்டாயிற்று.) முதல் இரண்டு நாள் யாருக்கும் பந்து கிடையாது. கைகளை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்க, அத்தான் ஒவ்வொருவராக முட்டி எண்ணிக்கொண்டு போகிறார்.

கோல்ஃப் சொல்லித்தர ஆள் தேடுகிற கிளப்காரர்கள் யாராவது இதைப் படித்தால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். அத்தானிடம் சேர்த்துவிடுகிறேன். புல் வெட்டத்தான் ஆள் வேண்டும் என்றால், தயவுசெய்து எழுத வேண்டாம்.